மாலுமிக் கோயிலுக்கு அப்பா வந்தது

கார்டிஃப் துறைமுகம்
3 ஜூலை 1945

அன்புள்ள மாரெனுக்கு,

உன் அக்கா தோர்டிஸ் எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன், கை கால் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. நீயும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு, நடுநடுவே சண்டை போட்டுக்கொண்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போர்க் காலம் முழுக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் தாளில் இருபத்தைந்து வார்த்தைக்கு மேல் எழுத விடவில்லை. இப்போது எவ்வளவு வேண்டுமானாலும் எழுது என்கிறார்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு ஓடி வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவள் நான். வந்த வருடமே போர் வந்து கதவைச் சாத்திவிட்டது. அடுத்த வருடம் ஜெர்மன்காரர்கள் நம் நாட்டைப் பிடித்தார்கள், கதவுக்குப் பூட்டும் விழுந்தது.

நான் வேலை பார்க்கும் கோயிலைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். பார்த்தால் நம் லிங்கொய் கோயில் மாதிரியேதான், வெள்ளைச் சுவர், கூரான கோபுரம். ஆனால் சுற்றிலும் கல்லறைகள் இல்லை, நிலக்கரி ஏற்றும் பாரந்தூக்கிகள். இரண்டு கப்பல்துறைகளுக்கு நடுவில் நிற்கிறது. பாய்மரக் கப்பல் காலத்தில் நம் நாட்டு மாலுமிகளுக்காகக் கட்டியது. சுவருக்கு வெளியே தகரம் அடித்திருக்கிறார்கள். மழை வலுத்தால் போதகர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு ஒரு கீதம் பாடச் சொல்லுவார். நாற்பது மாலுமிகள் தொண்டையைத் திறந்தால் மழை தோற்றுவிடும். உள்ளே பீடத்துக்குப் பக்கத்திலேயே, மாலுமிகள் படித்துக்கொண்டே காபி குடிக்கும் வாசக அறை. கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறவனிடம் போதகரின் மனைவி ஹுல்டா அம்மா முதலில் கேட்பது, “சர்க்கரை போடவா?” என்றுதான். பெயர், ஊர், கப்பல் எல்லாம் இரண்டாவது கோப்பைக்குப் பிறகு.

வாசக அறைச் சுவரில் நம் நாட்டு வரைபடம் ஒன்று இருக்கிறது. வீட்டுக்குப் போக முடியாத அத்தனை பேரும் அவரவர் ஊரில் விரலை வைத்து வைத்து, கடற்கரை முழுக்கத் தாள் தேய்ந்துவிட்டது. நம் தீவு இருந்த இடத்தில் இப்போது ஓட்டை. அதற்குப் பாதிக் காரணம் நான், மீதிப் பாதி எல்லிங்.

எல்லிங்கை உனக்கு நினைவிருக்கும். நம் விரிகுடாவுக்கு அக்கரையில் இருக்கும் தூர்போர்க் அம்மாவின் மூத்த பையன். இப்போது ஒரு சரக்குக் கப்பலில் மாலுமிகளை மேய்க்கும் சாரங்கு. போரில் இரண்டு கப்பல் அவன் காலடியில் மூழ்கின. குண்டு விழுந்து எங்கள் ஜன்னல்கள் எல்லாம் சிதறிய அன்று, கப்பல் கித்தானையும் தாரையும் தூக்கிக்கொண்டு வந்து ஞாயிறு ஆராதனைக்குள் அடைத்துக் கொடுத்தவன் அவன்தான். அவன் தம்பி ஆமுண்ட், ஸ்காட்லாந்துக்குத் தப்பிப் போகும்போது பிடிபட்டு, ஜெர்மன் முகாமில் செத்துவிட்டான் என்று போன மாதம்தான் செய்தி வந்தது. எல்லிங் அழவில்லை. கோயில் விறகு முழுவதையும் பிளந்து அடுக்கிவிட்டுப் போனான். நீ தூர்போர்க் அம்மாவைப் போய்ப் பார். நான் கேட்டதாகச் சொல்.

அப்பா இன்னும் விடியற்காலையில் படகை எடுத்துக்கொண்டு கப்பல்களுக்கு வழிகாட்டப் போகிறாரா? இங்கே நம் ஊர்ப் பக்கத்து மாலுமி யாராவது வந்தால், “நான் தோபியாஸ் மகள், பாறைகளுக்கு நடுவே கப்பலைக் கூட்டிப் போவாரே, அந்த தோபியாஸ்” என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அவரை எனக்கு எழுதச் சொல்.

உங்கள் இருவரையும் கட்டிக்கொள்ளும்,
தோர்டிஸ்

•

லிங்கொய்
19 ஆகஸ்ட் 1945

அன்பு அக்கா,

உன் கடிதம் வந்தது. நான் நலம். உருளைக்கிழங்கு இந்த வருடம் பரவாயில்லை. நீ உடம்பைப் பார்த்துக்கொள். அந்த ஊர் நிலக்கரிப் புகை உனக்கு இருமலைக் கொண்டுவரும்.

அப்பா நலமாக இருக்கிறார். இப்போது கடலுக்குப் போவதில்லை. எழுதுவதற்கு அவருக்குத் தோதுப்படவில்லை, பிறகு எழுதுவார். நான் தொலைபேசி நிலையத்தில்தான் இருக்கிறேன். முன்பு போல அவ்வளவு வேலை இல்லை.

உன் கோயிலைப் பற்றி இன்னும் எழுது. உள்ளே எத்தனை ஜன்னல்? ஹுல்டா அம்மா குண்டா ஒல்லியா? தகரத்தில் மழை விழும் சத்தம் எப்படி இருக்கும்? எல்லாம் எழுது. நீளமாக எழுது.

அன்புடன்,
மாரென்

•

கார்டிஃப்
14 அக்டோபர் 1945

அன்புள்ள மாரெனுக்கு,

நலம். நீ சொன்ன புகை இருமல் வந்து, தேன் குடித்துப் போய்விட்டது.

உருளைக்கிழங்கைப் பற்றி இரண்டு வரி, அப்பாவைப் பற்றி இரண்டு வரி! உன்னைக் கிள்ளினால்தான் பேசுவாய் போல. சரி, நீ கேட்டதைச் சொல்கிறேன்.

ஹுல்டா அம்மா ஒல்லி, நெட்டை. நடந்து வந்தால் பாய்மரம் ஒன்று தனியாக நடந்து வருகிற மாதிரி இருக்கும். அவள் அதட்டினால் கேப்டன்களே தொப்பியைக் கழற்றுவார்கள். போன வாரம் கிரேக்கக் கப்பலில் இருந்து ஒருவன் குளிருக்கு ஒதுங்கினான். நம் மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. ஹுல்டா அம்மா அவன் ஈரச் சட்டையைக் கழற்றி அடுப்புக்கு மேலே போட்டுவிட்டு, போதகரின் கம்பளிச் சட்டையை மாட்டிவிட்டாள். போதகர் தன் சட்டையை அடையாளம் கண்டுகொண்டு, ஒன்றும் சொல்லாமல் அவனுக்கு வெண்ணெயைத் தள்ளி வைத்தார். இந்தச் சின்னத் தகரக் கோயிலில் ஆறு வருடமாகப் பார்க்கிறேன், மாரென், ஒரு ஆளையும் திருப்பி அனுப்பி நான் கண்டதில்லை.

இங்கே முட்டை கிடைப்பதில்லை, முட்டைப் பொடிதான். அதில் வாஃபிள் அப்பம் சுட்டு வைத்தேன். எல்லிங் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறான்.

“தோர்டிஸ், இதுல முட்டை இருக்கா, இல்ல தூரத்துல இருந்து முட்டைய வேடிக்கை பாத்துச்சா?”

“புடிக்கலைன்னா வச்சிட்டுப் போ.”

“யாரு புடிக்கலைன்னா? இன்னும் நாலு போடு.”

அவன் கப்பல் பழுதுபார்க்க நிற்கிறது, வசந்தம் வரை இங்கேதான். தினமும் வந்துவிடுவான். அவன் பெட்டியில் இருந்த காபிக்கொட்டையை இரண்டாகப் பிரித்து, ஒரு பொட்டலம் தன் அம்மாவுக்கு, ஒன்று நம் அப்பாவுக்கு என்று கொடுத்திருக்கிறான். இத்துடன் அனுப்புகிறேன். “தோபியாஸ் மாமா எனக்குத் துடுப்புப் பிடிக்கக் கத்துக் குடுத்தவரு” என்று சொன்னான். தூர்போர்க் அம்மாவுக்கு உள்ளதை நீயே கையில் கொண்டுபோய்க் கொடு. உட்கார்ந்து பேசிவிட்டு வா.

அப்பாவுக்கு என் முத்தம்.
தோர்டிஸ்

•

லிங்கொய்
9 டிசம்பர் 1945

அன்பு அக்கா,

சுகம்தான். உனக்கும் கோயிலில் எல்லோருக்கும் கிறிஸ்துமஸ் நல்லபடியாக அமையட்டும்.

காபி வந்தது. அப்பாவுக்கு உள்ளதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். தூர்போர்க் அம்மாவுக்கு உள்ளதை அவர் வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டு வந்தேன். அவர் வீட்டில் இல்லை.

சாம்பல் நிறக் கம்பளியில் கையுறைகள் பின்னியிருக்கிறேன். கோயிலுக்கு வரும் யாருக்காவது கொடு. யார் பின்னியது என்று சொல்ல வேண்டாம்.

இன்னும் எழுது அக்கா.

மாரென்

•

கார்டிஃப்
20 ஜனவரி 1946

மாரென்,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

நேற்று சாயங்காலம் எல்லிங் வந்தான். வாசக அறையில் நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தேன். அவன் தொப்பியைக் கழற்றவில்லை. அதைப் பார்த்தே எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

“நம்ம நாட்டு கிறிஸ்தியான்சான் துறைமுகத்துல இருந்து ஒரு கப்பல் வந்திருக்கு. அதுல நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன். அம்மா எனக்கு எழுதாததை அவன் சொன்னான்” என்றான்.

“என்ன சொன்னான்?”

“ஆமுண்ட் படகைத் துரத்திக்கிட்டுப் போன ஜெர்மன்காரன் படகுக்கு வழி காட்டுனது யாருன்னு.”

நான் கோப்பைகளைக் கீழே வைத்தேன்.

“உனக்குத் தெரியாதா, தோர்டிஸ்? நெசமாவே தெரியாதா?”

“என்ன உளர்ற நீ?”

“உங்க அப்பாதான்.”

மேஜையில் இருந்த வாஃபிளை அவன் தொடவில்லை. கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனான். அறைந்து சாத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இது பொய் என்று எழுது. உடனே எழுது.

தோர்டிஸ்

•

லிங்கொய்
2 ஏப்ரல் 1946

அன்பு அக்கா,

உன் கடிதம் வந்து பல வாரம் ஆகிவிட்டது. எழுதி எழுதி அடுப்பில் போட்டேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே எனக்கு வாய் வரவில்லை.

பொய் இல்லை.

1942 இலையுதிர் காலம். ஆமுண்டோடு சேர்த்து ஐந்து பையன்கள் ஒரு மீன்பிடிப் படகை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். விடியும்போது மூடுபனி இறங்கிவிட்டது. வெளிப்பாறைகளுக்குள்ளே எங்கோ மாட்டிக்கொண்டு பனி விலகக் காத்திருக்கிறார்கள் என்று ஜெர்மன்காரர்களுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அந்தப் பனியில் பாறைகளுக்குள் போகக்கூடியவர் அப்பா ஒருவர்தான். கதவைத் தட்டினார்கள். நான் மாடிப்படியில் நின்றேன். அதிகாரி அப்பாவை மிரட்டவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான். அப்பா மேலங்கியை மாட்டிக்கொண்டு போனார்.

மத்தியானம் வந்தார். மேலங்கியை ஆணியில் மாட்டினார். சாப்பிடவில்லை. அன்றிலிருந்து அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஐந்து பேரையும் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். இருவர்தான் திரும்பினார்கள்.

போர் முடிந்த அன்று ஊரே கொடி ஏற்றியது. நானும் கொடியைக் கையில் வைத்துக்கொண்டு கம்பத்துக்குக் கீழே நின்றேன், அக்கா. அப்போதுதான் நம் ஆட்களே வந்து, எதிரிக்கு உதவினார் என்று அப்பாவை அழைத்துப் போனார்கள். நீ முதல் கடிதம் எழுதியபோது அவர் காவலில் இருந்தார். அவருக்கு நீ அனுப்பிய காபியை நான் பிரிக்கவே இல்லை.

பிப்ரவரியில் விட்டுவிட்டார்கள். கட்டாயத்தின் பேரில் செய்தார், தண்டனை இல்லை என்றது நீதிமன்றம். வழிகாட்டி வேலை போய்விட்டது. ஊர் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைக்காரர் சாமானை மேஜையில் வைப்பார், பேச மாட்டார். தொலைபேசி நிலையத்தில் என் குரலைக் கேட்டதும், “வேற யாராவது இருக்காங்களா?” என்பார்கள். தூர்போர்க் அம்மா அன்று வீட்டில் இல்லை என்று எழுதினேன். இருந்தார். ஜன்னலுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். இந்த வருடம் முழுக்க என்னோடு பேசிய ஒரே ஆள் உன் கடிதம். மழைச் சத்தமும், வாஃபிளும், அந்தக் கிரேக்கனும். சொல்லிவிட்டால் நீயும் நிறுத்திவிடுவாயோ என்று பயந்தேன்.

அப்பா வந்ததும் உன் கடிதங்களைப் படித்துக் காட்டினேன். எல்லிங் காபி கொடுத்தனுப்பிய இடம் வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். அப்புறம் அதையே திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார். இப்போது ஒரே பேச்சு, அந்தக் கோயிலுக்குப் போக வேண்டும், எல்லிங்கைப் பார்க்க வேண்டும். சுரங்கக் கூரையைத் தாங்கும் மரக்கட்டைகளை ஏற்றிக்கொண்டு கார்டிஃப் போகும் கப்பல் ஒன்றில் காவலாளியாக ஏறப் பார்க்கிறார்.

நான் என்ன செய்ய?

மாரென்

•

கார்டிஃப்
19 மே 1946

என் மாரென்,

சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? பொய் சொல்லாமல் எழுது. ஒரு வருடம் தனியாகத் தாங்கியிருக்கிறாய். நான் உனக்கு உருளைக்கிழங்குக் கிண்டல் எழுதிக்கொண்டிருந்தேன். உன்னை நினைத்தால் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது. நீ என்ன சொன்னாலும் நான் எழுதுவதை நிறுத்த மாட்டேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேரே ஹுல்டா அம்மாவிடம் போனேன். நான் வேலையை விட்டுவிடுகிறேன், இங்கே வருகிற பாதிப் பேருக்கு அண்ணனோ தம்பியோ செத்திருக்கிறான், அவர்களுக்கு என் கையால் காபி ஊற்ற முடியாது என்றேன். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

“மத்தியானம் அறுபது பேர் வரானுங்க. பாத்திரம் அப்படியே கெடக்கு. இவளுக்கு ராஜினாமா!”

“ஹுல்டா அம்மா, நான் சொல்றது...”

“கேட்டுது. ஏப்ரனைக் கட்டு.”

கட்டினேன். கழுவி முடித்த பிறகு பக்கத்தில் வந்து நின்று, ஈரக் கையோடு என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிறகு, “அழுதது போதும், ரொட்டி கருகுது” என்றாள்.

எல்லிங் குளிர்காலம் முழுக்க வரவில்லை. முந்தாநாள் நம் தேசிய நாளன்று மாலுமிகள் கொடி பிடித்து ஊர்வலம் வந்தார்கள். அவனும் வந்தான். வாசல் வரை வந்து நின்றுவிட்டு, உள்ளே வந்து கடைசி மேஜையில் உட்கார்ந்தான். நான் காபி கொண்டுபோனேன். பாதி சாசரில் கொட்டியது. “நீ என்ன பண்ணுவ” என்றான். அவ்வளவுதான். ஆனால் குடித்தான். அவன் கப்பல் வேலை இன்னும் முடியவில்லை. இன்று ஞாயிறு, மறுபடியும் வந்தான்.

அதனால்தான் சொல்கிறேன், அப்பாவை இங்கே வரவிடாதே. இவனுக்கு இருக்கிற ஒரே இடம் இது. அவரைப் பார்த்தால் இதையும் விட்டுவிட்டுப் போய்விடுவான். மற்ற மாலுமிகள் கை வைத்துவிட்டால் என்ன செய்வது? அப்பாவின் மேல் எனக்கும் கோபம் தீரவில்லை. கெஞ்சிக் கேட்கிறேன், தடுத்துவிடு.

உன் அக்கா

•

லிங்கொய்
10 ஜூன் 1946

அன்பு அக்கா,

நலம். உன் கடிதம் இன்று கிடைத்தது. அப்பா போன வாரமே கப்பல் ஏறிவிட்டார்.

சொல்லிவிட்டுத்தான் போனார். “அடிச்சா அடிக்கட்டும் மாரென். அடிக்கிற கையாவது எம்மேல படட்டும், இங்க யாரும் திரும்பியே பாக்க மாட்டேங்கிறாங்க” என்றார். நான் தடுக்கவில்லை. தடுக்க எனக்கு மனம் வரவில்லை என்பதுதான் உண்மை.

அவர் இளைத்துப்போயிருக்கிறார். அடையாளம் தெரியாவிட்டால் பயப்படாதே.

மாரென்

•

கார்டிஃப்
7 ஜூலை 1946

அன்புள்ள மாரெனுக்கு,

அப்பா பத்திரமாக இருக்கிறார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பக்கத்து அறையில் குறட்டை விட்டுத் தூங்குகிறார்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வாசக அறை நிரம்பி வழிந்தது. நான் தட்டோடு சமையலறையில் இருந்து வருகிறேன், கதவருகே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு கிழவர் நிற்கிறார். ஏழு வருடம் கழித்து என் அப்பாவைப் பார்க்கிறேன், மாரென். மேலங்கிக்குள்ளே ஆளைக் காணோம். தட்டைக் கீழே போடாமல் இருந்ததே பெரிது.

நம் கரையோரத்துக்காரர் ஒருவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கொதிகலனுக்குக் கரி தள்ளுகிறவர், நல்ல மனிதர், இரண்டு மருமகன்களை இழந்தவர். எழுந்து, “இந்த ஆளா? இந்த ஆளு இங்கயா?” என்றார். பேச்செல்லாம் நின்றது. யாரோ யாருக்கோ காதில் சொன்னார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. ஒருவர் பின் ஒருவராக ஏழெட்டுப் பேர் அப்பாவை உரசாமல் ஒதுங்கி வெளியே போனார்கள். போதகர் எழுந்து வந்தார். அதற்குள் ஹுல்டா அம்மா கெண்டியோடு அப்பா முன்னால் நின்றாள்.

“சர்க்கரை போடவா?”

அவள் இரண்டு கட்டி போட்டுக் கையில் கொடுத்தாள். “நின்னுக்கிட்டே குடிக்கிற வழக்கம் இங்க இல்ல” என்றாள்.

ஆனால் அப்பா உட்காரவில்லை. கோப்பையோடு நேரே ஜன்னலோர மேஜைக்குப் போனார். அங்கே எல்லிங் இருந்தான். எழுந்து போகவும் இல்லை, நிமிரவும் இல்லை.

“எல்லிங், நான்தான் அந்தப் படகைக் கூட்டிக்கிட்டுப் போனேன்.”

“தெரியும்.”

“பாறையில மோத விட்டிருக்கலாம். எனக்கு அது ஒரு நிமிஷ வேலை. மோதல.”

“ஏன்?”

“மாரென் வீட்டுல இருந்தாளேன்னு அப்புறம் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அதுவும் இருந்துச்சு. ஆனா அந்த நேரத்துல பயம்ப்பா. சாகப் பயம். அதான்.”

எல்லிங் கை ஓங்கப்போகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை.

“ஆமுண்டைப் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“என்ன பண்ணிக்கிட்டிருந்தான்?”

அப்பா கோப்பையை மேஜையில் வைத்தார். “சுக்கான் அவன் கையில இருந்துச்சு. அலை அடிச்சிக்கிட்டிருந்துச்சு. ஜெர்மன்காரன் துப்பாக்கிய நீட்டிக்கிட்டு நிக்கிறான், மத்தப் பசங்க கைய தூக்கிட்டாங்க. இவன் தூக்கல. விட்டா படகு குறுக்கால திரும்பிக் கவுந்துரும், அதனால சுக்கானை விடல. அந்த நாலு பேரும் தண்ணியில விழாம இருந்ததுக்கு அவன்தான் காரணம். பக்கத்துல போனதும் பனிக்குள்ள என்னைப் பாத்துட்டான். ‘தோபியாஸ் மாமா, கயிறு, புடிங்க!’ன்னான். வீசுனான். எங்கிட்டதான் வீசுனான், அவனுங்ககிட்ட இல்ல.”

“நீங்க?”

“புடிச்சேன்.”

எல்லிங் தன் இரண்டு உள்ளங்கைகளையும் மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தான். தம்பி செத்த செய்தி வந்தபோது அழாதவன், மாரென், இத்தனை பேர் முன்னால் அப்போது அழுதான். முகத்தை மூடிக்கொள்ளவில்லை. அப்பா அப்படியே நின்றார். ஹுல்டா அம்மா யாரையும் கிட்ட நெருங்க விடவில்லை.

எல்லிங் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: “உங்களை மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காதீங்க.”

“நெனைக்கல.”

“அவன் எப்படி இருந்தான்னு சொல்ல இது வரைக்கும் ஆள் இல்ல. திரும்பி வந்த ரெண்டு பேரும் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேங்கிறாங்க. பிடிச்சாங்க, கொண்டுபோனாங்க, செத்தான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.” நிறுத்திவிட்டு, “எங்க அம்மாவுக்கு இதைச் சொல்லணும் நீங்க. எங்கிட்ட சொன்ன மாதிரியே. கயிறையும் சேத்து” என்றான்.

அப்பா அதுவரைக்கும் தலை நிமிர்ந்துதான் நின்றிருந்தார். அப்போதுதான் குனிந்தார். “அது மட்டும் என்னால ஆவாது” என்றார்.

“காபி ஆறுது. குடிங்க” என்று சொல்லிவிட்டு எல்லிங் எழுந்து வெளியே போனான். படிக்கட்டில் நின்றவர்களிடம் என்ன சொன்னான் என்று தெரியாது. நாலைந்து பேர் திரும்பி உள்ளே வந்தார்கள். அந்தக் கரிக்காரர் வரவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

இந்த வாரம் கோயிலின் வெளிச்சுவருக்கு வெள்ளை அடிக்கிறார்கள். எல்லிங்கின் பொறுப்பு. திங்கட்கிழமை காலையில் போய்ப் பார்க்கிறேன், தெற்குப் பக்கம் அவன் ஏணியில் நிற்கிறான், வடக்குப் பக்கம் அப்பா தூரிகையோடு நிற்கிறார். யார் சொல்லி வந்தார், யார் வாளியைக் கொடுத்தார்கள், தெரியவில்லை. இருவரும் ஒரே பக்கத்தில் ஒரு நாளும் நிற்கவில்லை, பேசவும் இல்லை. மத்தியானம் ஆளுக்கு ஒரு படியில் உட்கார்ந்து ரொட்டி தின்றார்கள். கோயில் இப்போது பாலைப் போல நிற்கிறது. உள்ளே வரும் கப்பல்களுக்குத் தூரத்திலேயே தெரியுமாம்.

அப்பா சாயங்காலங்களில் யாரும் இல்லாதபோது உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறார். மாலுமிகள் நேர்ச்சையாகக் கூரையில் தொங்கவிட்ட சின்னப் பாய்மரக் கப்பல் பொம்மையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார். நேற்று நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “நல்ல இடமா பாத்து வந்து சேந்திருக்கடி” என்றார். என் கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் கப்பல் திரும்பிப் போய்விட்டது. அவர் போகவில்லை. ஊருக்கு வரப் பயப்படுகிறார்.

அன்புடன்,
தோர்டிஸ்

•

லிங்கொய்
11 ஆகஸ்ட் 1946

அன்பு அக்கா,

நீ நலம்தானே? நான் இன்று கொஞ்சம் படபடப்பாக இருக்கிறேன். கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

நேற்று தூர்போர்க் அம்மா வந்தார். விரிகுடாவைச் சுற்றிக்கொண்டு நடந்தே வந்திருக்கிறார். நம் கேட்டைத் திறந்து ஒருவர் உள்ளே வந்து எவ்வளவு காலம் ஆகிவிட்டது! எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அடுப்பைப் பற்றவைத்து, நீ அனுப்பிய காபியைப் பிரித்தேன். அவர் உட்காரவும் இல்லை, குடிக்கவும் இல்லை. சமையலறை நடுவில் நின்றுகொண்டு கேட்டார்.

“உங்க அப்பன் எங்க?”

“கார்டிஃப்லதான் இருக்காரு.”

“எல்லிங் எழுதியிருக்கான். உங்க அப்பன்கிட்ட ஒரு சேதி இருக்காம், அவரு வாயாலதான் கேக்கணுமாம். எழுத மாட்டேன்னுட்டான்.”

“ஆமா” என்றேன். நான் சொல்லிவிடலாம், உன் கடிதம் மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது. ஆனால் அது நான் சொல்வதற்கு உரியது இல்லை என்று தோன்றியது.

“எப்ப வருவாரு?”

“வரப் பயப்படறாரு அம்மா.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பயப்படட்டும். பயந்துக்கிட்டே வரச் சொல்லு” என்றார். போகும்போது வாசலில் நின்று, “நீ இளைச்சுட்ட” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பாவை அனுப்பி வை, அக்கா. ஹுல்டா அம்மாவைச் சொல்லச் சொல். அவர் சொன்னால் கேட்பார் போலிருக்கிறது.

மாரென்

•

லிங்கொய்
22 செப்டம்பர் 1946

என் மகள் தோர்டிசுக்கு,

அப்பா எழுதுகிறேன். எனக்கு எழுத்து வராது என்று உனக்குத் தெரியும். சேர்ந்துவிட்டேன். மூட்டு வலியைத் தவிர வேறு குறை இல்லை. மாரென் நன்றாக இருக்கிறாள். போதகருக்கும் அவர் மனைவிக்கும் என் வணக்கத்தைச் சொல். என்னைக் கப்பல் ஏற்றிவிட அந்த அம்மா துறை வரைக்கும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்ததை இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

வந்து சில நாள் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. இன்று காலை மாரென் என் மேலங்கியைத் துலக்கிக் கையில் கொடுத்தாள். படகில் போகலாம் என்றாள். நான் நடந்தே போனேன், விரிகுடாவைச் சுற்றிக்கொண்டு.

தூர்போர்க் கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை, வழியை விட்டு விலகி நின்றாள். போனேன். உட்காரச் சொல்லவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சொன்னேன். எல்லிங்கிடம் எப்படிச் சொன்னேனோ அப்படியே. பயந்தேன் என்பதையும் சொன்னேன். சுக்கானை அவன் விடாததைச் சொன்னேன். என்னைப் பார்த்துக் கூப்பிட்டதைச் சொன்னேன். கயிறு வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அவள் காத்திருந்தாள். சொல்லி முடித்தேன்.

ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். போய்விடலாம் என்று தொப்பியைத் தேடினேன். அப்போது அவள் மேஜைக்கு அடியில் இருந்து ஒரு நாற்காலியை இழுத்து எனக்கு முன்னால் போட்டாள்.

“இப்ப உக்காருங்க” என்றாள். “மொதல்ல இருந்து இன்னொரு தடவை சொல்லுங்க.”

உட்கார்ந்தேன்.

உன் அப்பா,
தோபியாஸ்